பொது நாணயத்துக்கு முன் நாணயம்



அண்டை நாடுகள் ஒன்றுசேர்ந்து ஒரே பணத்தைப் புழங்கினால் என்ன என்ற கேள்வி நம்மிடையே அவ்வப்போது எழுகிறது. 2003 டிசம்பரில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர்களே தெற்காசியாவுக்குப் பொது நாணயம் என்ற யோசனையை வெளியிட்டார். கொழும்புக்கு வெங்காயமும் மிளகாய் வற்றலும் அனுப்பும் வியாபாரிகளுக்கு அது இனிப்பான செய்திதான். அவர்கள் பணத்தை டாலராக்கி, டாலரை நம் ரூபாயாக்கி, இரண்டு முறை வங்கிக்குக் கமிஷன் கொடுப்பது மிச்சமாகும் அல்லவா?

அதைவிடப் பெரிய லாபமும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் சுமார் 360. பத்தாயிரம் டாலர் சரக்கைக் கடனுக்கு எடுத்த கொழும்பு வியாபாரி 20 லட்சம் கட்ட வேண்டிய இடத்தில் 36 லட்சம் கட்ட வேண்டியதாயிற்று. சரக்கைப் பழைய விலைக்கே விற்று முடித்தவர் என்ன செய்வார்? அவர் நொடித்தால் நமக்கு வர வேண்டிய பாக்கியும் போயிற்று. பணம் ஒன்றாக இருந்திருந்தால் இந்த அடி விழுந்திருக்காது. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் கூட்டு வியாபாரம் செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். கல்லாப்பெட்டி ஒன்றாகவும் கணக்குப் புத்தகம் தனித்தனியாகவும் இருந்தால் கடை நிலைக்காது. ஒரு பங்காளி வாங்கும் கடனுக்கு மற்றவர்கள் பதில் சொல்ல நேரும்.

ஐரோப்பாவில் இதுதான் நடந்தது. 1999இல் யூரோ பிறந்தது. 2002இல் நோட்டும் காசும் புழக்கத்துக்கு வந்தன. பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 3 சதவீதம், கடன் 60 சதவீதம் என்று வரம்பும் கட்டினார்கள். கிரீஸ் அரசு கணக்கைக் குறைத்துக் காட்டியே வந்து, 2009இல் குட்டு வெளிப்பட்டது. தனிப் பணம் இருந்தால் மதிப்பைக் குறைத்துச் சமாளித்திருக்கலாம். அந்த வழி அடைபட்டிருந்தது. சுமை சம்பளத்தின் மீதும் ஓய்வூதியத்தின் மீதும் விழுந்தது. 2015 கோடையில் வங்கிகள் மூடிக் கிடக்க, ஏ.டி.எம்.மில் நாளொன்றுக்கு 60 யூரோதான் எடுக்க முடிந்தது. அந்த நாட்டுக் கடைத்தெருவின் நிலையை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நம் ரூபாயின் கதையும் அப்படித்தான். ஒரு காலத்தில் வளைகுடா நாடுகளில் இந்திய ரூபாயே செல்லுபடியாயிற்று. 1959இல் அவர்களுக்கெனத் தனி நோட்டே அச்சிட்டோம். 1966 ஜூன் 6 அன்று டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் 7.50 ஆக்கப்பட்டது. முடிவு டில்லியில், நஷ்டம் தோஹாவிலும் துபாயிலும். அவர்கள் அந்த ஆண்டே நம் ரூபாயைக் கைவிட்டார்கள். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றபோது, அவற்றை நம்பிச் சேர்த்து வைத்திருந்த நேபாளத்துக்காரர்கள் மாற்ற வழியின்றித் தவித்தார்கள். முடிவெடுக்கும் இடத்தில் நாற்காலி இல்லாதவன் பிறர் பணத்தைப் புழங்கினால் இதுதான் கதி.

தெற்காசியாவில் அந்த நாற்காலிகளை யார் போடுவது? 2014இல் காத்மாண்டுவில் கூடிய சார்க் தலைவர்கள் அதன்பின் உச்சி மாநாட்டுக்கே கூடவில்லை. பேசிக்கொள்ளவே கூடாதவர்கள் ஒரே கல்லாவுக்குச் சாவி செய்ய முடியுமா?

ஆகவே பொது நாணயம் இப்போதைக்கு வேண்டாம் என்பதே நம் கருத்து. கைக்கு எட்டும் வழி வேறு இருக்கிறது. வெளிநாட்டு வியாபாரத்தை ரூபாயிலேயே முடித்துக்கொள்ள 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி அனுமதி அளித்தது. பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமன்றி, பத்து டன் வெங்காயம் அனுப்பும் சிறு வியாபாரிக்கும் அது எட்ட வேண்டும். கிளை வங்கி மேலாளர்கள் அதன் நடைமுறையைத் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும் என்று கோருகிறோம். நம் உறுப்பினர்களும் அயல்நாட்டுக் கடனுக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ள வேண்டும்.

நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் காசு என்றும் பொருள். சொன்ன சொல் தவறாமை என்றும் பொருள். அரசுகளுக்கிடையே இரண்டாவது நிலைபெறட்டும். முதலாவதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.