சுவத்துல மிஞ்சின ரெண்டு ஆணி

பேரன் மே மாச லீவுக்கு வந்திருந்தான். சென்னையில ரெண்டாங் கிளாஸ் முடிச்சிருக்கான். வந்த மறுநாளே வீட்டுல ஒரு இண்டு இடுக்கு விடாம நோண்டிட்டான். நெல்லு மூட்டை போடுற ரூம்ல, ஆள் உயரத்துக்கு மேல, சுவத்துல ரெண்டு பெரிய ஆணி இருக்கும். "தாத்தா, இதுல என்ன தொங்க விடுவீங்க?"ன்னு கேட்டான். நானும் யோசிக்காம "துப்பாக்கி இருந்துச்சுடா"ன்னு சொல்லிட்டேன். கண்ணு ரெண்டும் விரிஞ்சு போச்சு. அடுத்த கேள்வி, "இப்ப எங்க இருக்கு?"

இல்லடா, கொடுத்தாச்சுன்னு சொன்னா நம்பலை. மூணு நாள் விடாம கேட்டான். நான் தோப்புக்குப் போயிருந்த நேரம், ஸ்டூலு மேல ஸ்டூலு போட்டு பீரோ உச்சி வரைக்கும் தேடிப் பாத்திருக்கான். சாயங்காலம் என் வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இல்லாத துப்பாக்கியை இப்படித் தேடுறவன், இருந்திருந்தா விட்டிருப்பானா? அந்த நினைப்புலதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

டவுனுல இருக்குறவங்களுக்கு, கிராமத்து வீட்டுல துப்பாக்கின்னா சினிமாவுல வர்ற முறுக்கு மீசைப் பண்ணையார்தான் ஞாபகத்துக்கு வருவார். எங்க பக்கம் அது அப்படி இல்லை. ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும், மேற்கே மலை அடிவாரம் பூராவும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. மலையில இருந்து பன்னி இறங்கும். ஒரு ராத்திரியில முப்பது தென்னம்பிள்ளையைத் தோண்டிக் குருத்தைத் தின்னுட்டுப் போயிரும். ராஜபாளையம் நாயின்னு இன்னைக்கு ஃபிளாட்டுல சோபாவுல படுக்க வைக்கிறீங்களே, அதுவே பன்னி வேட்டைக்கு வளத்த சாதிதான். நாய் வச்சுக்கிட்டவன் நாய் வச்சுக்கிட்டான், கொஞ்சம் வசதிப்பட்டவன் லைசென்ஸ் எடுத்து பயிர்ப் பாதுகாப்புக்குன்னு ஒரு ஒத்தைக் குழல் துப்பாக்கி வாங்கி வச்சுக்கிட்டான். 1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்துலயே பயிர்ப் பாதுகாப்புக்குன்னு வாய் வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்குத் தனியா இடம் இருக்கு. எங்க அய்யா வச்சிருந்ததும் அதுதான். மண்வெட்டி, கடப்பாரை மாதிரி அதுவும் ஒரு சாமான், அவ்வளவுதான்.

அந்த "அவ்வளவுதான்"லதான் சங்கதியே இருக்கு.

எனக்கு அப்ப 11 வயசு. தீபாவளிக்கு மறுவாரம். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்யுது. அய்யா ராத்திரிக் காவலுக்குப் போயிட்டு விடிகாலை வந்து, கேப்பை மட்டும் கழட்டிட்டு, துப்பாக்கியை அந்த ரெண்டு ஆணியில படுக்கப் போட்டுட்டுத் தூங்கிட்டார். கேப்பு டப்பா கீழ மாடக்குழியில இருந்துச்சு. என் கையில சிவகாசி தகரத் துப்பாக்கி. சுருள் கேப் தீந்து போச்சு. மாடக்குழியைப் பாத்தேன், மேல பாத்தேன். மூட்டை மேல ஏறி இறக்கிட்டேன்.

இங்க ஒண்ணு சொல்லணும். பெரியவங்களுக்கு அந்தத் துப்பாக்கி பெரிய வித்தை. ஆனா தீபாவளித் துப்பாக்கி வெடிச்ச பிள்ளைக்கு அதுல புரியாதது ஒண்ணுமே கிடையாது. குதிரையைப் பின்னால இழு, கேப்பை வை, விசையை அமுக்கு. ரெண்டும் ஒரே வேலைதான். எங்க மாவட்டத்துல எந்தப் பிள்ளைக்கும் இதை யாரும் தனியா சொல்லித் தர வேண்டாம். குதிரை மட்டும் கனம். ரெண்டு கட்டைவிரலையும் வச்சு இழுத்தேன். எதிர்ல என் தங்கச்சி, ஆறு வயசு, "எனக்குண்ணே, எனக்குண்ணே"ன்னு கையை நீட்டிக்கிட்டு நிக்குது.

கேப்பு டப்புன்னு வெடிச்சுச்சு. மருந்து பிடிக்கலை.

சத்தம் கேட்டு அய்யா ஓடி வந்தார். அடிப்பாருன்னு நினைச்சேன். அடிக்கலை. துப்பாக்கியை வாங்கி வச்சிட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். மறுநாள் காலையில என்னைத் தோப்புக்குக் கூட்டிட்டுப் போனார். வாய்க்கால் ஓரம் இருந்த வாழையைக் காட்டி, கேப்பு மாட்டுற துவாரத்தை ஊசி விட்டுக் குத்தி, காஞ்ச மருந்து ரெண்டு சிட்டிகை போட்டு, புது கேப்பு வச்சுச் சுட்டார். அதே லோடுதான். முந்தின நாள் என் தங்கச்சிக்கு நேரா இருந்ததே, அதே லோடு. வாழைத்தண்டு நார் நாராத் தொங்குச்சு. ஒரு வார்த்தை சொல்லலை. வீட்டுக்கு வந்து துப்பாக்கியைத் திரும்ப அதே ஆணியில மாட்டினார். கேப்பு டப்பாவை மட்டும் இடுப்புப் பையில போட்டுக்கிட்டார். எங்க வீட்டுல நடந்த பாதுகாப்பு ஏற்பாடு அது ஒண்ணுதான்.

எங்க அய்யாவைக் குறை சொல்லலை. அன்னைக்கு எல்லா வீட்டுலயும் அப்படித்தான். ஆனா இந்தத் துப்பாக்கியில ஒரு தனி வில்லங்கம் இருக்கு. போலீஸ்காரங்க வச்சிருக்குறதுல தோட்டாவை வெளிய எடுத்துடலாம். இதுல முடியாது. குழல் வாய் வழியா மருந்தைக் கொட்டி, நாரை வச்சு இறுக்கி, ரவையைப் போட்டு, மறுபடி நாரை வச்சுக் கம்பியால இடிச்சாச்சுன்னா, அதை வெளிய கொண்டு வர லேசான வழி சுடுறது ஒண்ணுதான். பன்னி வரலைன்னா? மருந்து வீணாப் போகுதேன்னு கெட்டிச்சது கெட்டிச்சபடியே வீட்டுக்கு வந்திரும். ஒரு வாரம், ஒரு மாசம் அப்படியே கிடக்கும். கேப்பு இல்லைல்ல, ஒண்ணும் ஆகாதும்பாங்க. கேப்பு எங்க இருக்குன்னு வீட்டுல இருக்குற பிள்ளைக்குத் தெரியாதா என்ன? ஊறுகாய் ஜாடி எங்க இருக்குன்னு தெரியுற பிள்ளைக்கு அதுவும் தெரியும்.

இதுக்கு ரெண்டு பதில் சொல்லுவாங்க. உயரத்துல வச்சிருக்கோம்பாங்க. அதுக்கு ஸ்டூலு மேல ஸ்டூலு போட்ட என் பேரனே பதில். இன்னொண்ணு, பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து வளத்திருக்கோம், தொடமாட்டான்பாங்க. நானும் ரொம்ப நாள் இதைத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். என் மகன்தான் ஒரு ஆராய்ச்சியைப் பத்திச் சொன்னான். 2001-ல அமெரிக்காவுல வெளியானது. 8 வயசுல இருந்து 12 வயசு வரைக்கும் உள்ள பையன்களைச் சின்னச் சின்னக் குழுவா ஒரு ரூம்ல விட்டு, மேஜை டிராயருக்குள்ள வெடிக்காதபடி செஞ்ச நிசத் துப்பாக்கியை வச்சுட்டு, கண்ணாடிக்குப் பின்னால இருந்து பாத்திருக்காங்க. முக்கால்வாசிக் குழு அதைக் கண்டுபிடிச்சிருச்சு. கண்டுபிடிச்சதுல பெரும்பாலும் கையில எடுத்தாங்க, பல பேர் விசையையும் இழுத்துட்டாங்க. இதுல கையில எடுத்த, விசையை இழுத்த பையன்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே துப்பாக்கிப் பாதுகாப்பைப் பத்தி முன்னமே ஏதோ ஒரு விதத்துல சொல்லிக் கொடுக்கப்பட்ட பிள்ளைங்க. சொல்லிக் கொடுக்கிறது தப்பில்லை. ஆனா அதைப் பூட்டுக்குப் பதிலா வச்சுக்கக் கூடாது.

சட்டமும் பூட்டத்தான் சொல்லுது. 2016-ல வந்த ஆயுத விதிகள்படி, லைசென்ஸுக்கு எழுதிப் போடும்போதே துப்பாக்கியையும் மருந்தையும் பத்திரமா வைப்பேன்னு உறுதிமொழி எழுதிக் கொடுக்கணும். 21 வயசு ஆகாதவனுக்கு லைசென்ஸே கிடையாது. முன்ன 3 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும், 2019 திருத்தத்துக்கு அப்புறம் 5 வருஷம். எல்லாம் இருக்கு. ஆனா அந்த உறுதிமொழியில கையெழுத்துப் போடுறவன், வீட்டுக்கு வந்து மறுபடி ஆணியிலதான் மாட்டுறான். நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டவன்தான், அதனால சொல்றேன்.

வச்சுத்தான் ஆகணும்னு இருக்குறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். வீட்டுக்குள்ள வரும்போது குழல் காலியா இருக்கணும். மருந்து வீணாப் போனா போகட்டும். துப்பாக்கி இரும்புப் பெட்டியில, மருந்து வேற இடத்துல, கேப்பு இன்னொரு இடத்துல, மூணுக்கும் பூட்டு, சாவி இடுப்புல. சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால வைக்கிறது சாவியைப் பிள்ளை கையில கொடுக்கிறதுக்குச் சமம். லைசென்ஸ் வேண்டாத ஏர் கன்னுக்கும் இதேதான். அதை விளையாட்டுச் சாமானா நினைச்சுப் பிள்ளைங்க கையிலயே கொடுக்குறாங்க. கண்ணுல பட்டா கண்ணு போனது போனதுதான். குண்டு எவ்வளவு தூரம் போகும்னு நமக்குக் கணக்கே கிடையாது. 2021 டிசம்பர் 30-ம் தேதி, புதுக்கோட்டை நார்த்தாமலையில துப்பாக்கிப் பயிற்சித் தளத்துல சுட்ட குண்டு, தள்ளி ஒரு வீட்டுல தாத்தாகிட்ட உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்த 11 வயசுப் பையன் தலையில பாஞ்சு, நாலு நாள்ல அந்தப் பிள்ளை செத்துப் போச்சு. அது படைக்காரங்க ரைஃபிள், நம்மளது அவ்வளவு தூரம் போகாதுதான். ஆனா நம்ம வீட்டுல ரூமுக்கும் கூடத்துக்கும் நடுவுல பத்தடிகூட கிடையாது.

துப்பாக்கிக்காவது பெட்டி, பூட்டுன்னு ஒரு வழி இருக்கு. வழியே இல்லாத ஒண்ணு இருக்கு, அவுட்டுக்காய். பன்னி கடிச்சா வெடிக்கிற மாதிரி, திங்கிற சாமானுக்குள்ள மருந்தை வச்சுச் சுத்துறது. லைசென்ஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, முழுக் குற்றம். இருந்தும் அடிவாரத்துல எங்கயாவது ஒருத்தன் செய்யத்தான் செய்யுறான். 2020 மே கடைசியில, பாலக்காட்டுப் பக்கம் வெடியைக் கடிச்சு வாய் சிதறி, ஆத்துத் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே செத்த சினை யானையை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உலகமே அழுதுச்சு, நானும்தான் அழுதேன். அதுக்கு ரெண்டு வாரத்துக்குள்ள, ஜூன் மாசம், திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கம் அழகரையில என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? மீன் பிடிக்க வாங்கிட்டு வந்த வெடியில மிச்சம் வீட்டுல கிடந்திருக்கு. ஆறு வயசுப் பையன் திங்கிற பண்டம்னு நினைச்சுக் கடிச்சுட்டான். யானைக்கு வந்த அதே சாவு. அந்தப் பையன் பேரை யாரும் எங்கயும் எழுதி ஒட்டலை. யானைக்கு அழுததைத் தப்புன்னு சொல்லலை. பன்னிக்குப் பண்டம்னு தெரியிற மாதிரி செஞ்சா பிள்ளைக்கும் பண்டம்னுதான் தெரியும், அதைத்தான் சொல்ல வர்றேன். அதைப் பத்திரமா வைக்க வீட்டுல எந்த மூலையும் கிடையாது. எவன் செய்யுறான்னு ஊருக்குத் தெரியும். மாமன் மச்சான்னு பாக்காம சொல்லித்தான் ஆகணும்.

சரி, என் துப்பாக்கிக்கு வர்றேன். அய்யா காலமானதும் சட்டப்படி ஸ்டேஷன்ல ஒப்படைச்சு, என் பேருக்கு எழுதிப் போட்டு அலைஞ்சு வாங்கினேன். வாங்கி என்ன செஞ்சேன்? பன்னியைச் சுட்டா வனச் சட்டத்துல கேஸு. இந்தக் காடு 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆகிப்போச்சு. 2025 ஜனவரியில பன்னியைச் சுடலாம்னு அரசாங்கம் சொன்னதும் ஊர்ல ஒரே பேச்சு. படிச்சுப் பாத்தா, காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடவே கூடாது. 1-ல இருந்து 3 வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடலாம். 3-க்கு அங்கிட்டுதான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆளுங்கதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல 2022-ல இருந்து பஞ்சாயத்துத் தலைவரே லைசென்ஸ் உள்ளவனை வச்சுச் சுட உத்தரவு போடலாம். நம்ம பக்கம் அது இல்லை. என் தோப்பு வேலிக்கும் காட்டுக்கும் நடுவுல ஒரு ஓடைதான். ஆக இத்தனை வருஷமா என் துப்பாக்கி செஞ்ச வேலை சத்தம் போடுறது மட்டும்தான். சிவகாசி பக்கத்துல குடியிருந்துக்கிட்டு, சத்தத்துக்காக வீட்டுல துப்பாக்கி வச்சிருக்கேன்னா சிரிக்க மாட்டாங்களா!

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு எல்லாரையும் போல நானும் ஸ்டேஷன்ல கொண்டு போய்க் கட்டினேன். தேர்தல் முடிஞ்சு மத்தவங்க திரும்ப வாங்கிட்டு வந்தாங்க. நான் போய் லைசென்ஸ் வேண்டாம், ரத்து பண்ணிக்கங்கன்னு எழுதிக் கொடுத்தேன். வாங்குறதுக்கு அலைஞ்ச மாதிரியே கொடுக்குறதுக்கும் நாலு நடை நடந்தேன். அப்பன் சொத்தை இப்படிக் கொடுத்துட்டு வர்றியேன்னு ஊர்ல சொன்னவங்க உண்டு. எனக்கும் மனசுக்குள்ள இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை.

பக்கத்துத் தோப்புக்காரர், எனக்கு மச்சான் முறை, இன்னும் வச்சிருக்கார். "உனக்கென்ன மாப்ள, ராத்திரி வீட்டுல படுத்துக்கிடுவ. நான் கரடிக்கு நடுவுலல்ல காவ காக்கேன்"னு சொல்றார். அதுவும் நியாயம்தான். வாதாட முடியலை. அவர் மகள் பிள்ளைங்க லீவுக்கு வர்றதுக்கு முந்தின வாரம் போயி, "கெட்டிச்சு வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "பொங்கலுக்குக் கெட்டிச்சதுன்னு நினைக்கேன்"னார்.

துப்பாக்கி வேலை தெரிஞ்ச ஒரு பெரியவரைக் கூட்டிட்டு வந்தோம். வாய்க்கு நேரா யாரையும் நிக்க விடலை. கேப்பு இல்லைன்னு பாத்துட்டு, குழலுக்குள்ள தண்ணி ஊத்தி ரொம்ப நேரம் ஊற வச்சு, திருகு கம்பியை விட்டு நாரைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து எடுத்தார். கறுப்புத் தண்ணியோட இருபது, இருபத்தஞ்சு ரவை தட்டுல விழுந்துச்சு. மச்சான் வீட்டம்மா அந்தத் தட்டையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் உள்ள போயி, வளையல், தோடு வச்சிருந்த இரும்புப் பெட்டியைக் காலி பண்ணிக் கொண்டாந்து அவர் முன்னால வச்சுச்சு. துப்பாக்கி அதுக்குள்ள போகாது, நீளம். கேப்பும் மருந்தும் தனித்தனியா வைக்க ரெண்டு பெட்டி, துப்பாக்கிக்கு ஒரு நீளப் பெட்டின்னு ராஜபாளையத்துல வெல்டிங் பட்டறையில சொல்லியிருக்கோம். வர்ற வாரம் தர்றேன்னு சொல்லியிருக்கார்.