மூத்தவர்தான் போக வேண்டும்

நம் தலைமுறையில் ஒரு முறை உண்டு. இளையவர்தான் மூத்தவரை வந்து பார்க்க வேண்டும். தம்பி பழத்தட்டோடு வருவார், அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விபூதி பூசிவிடுவார். காலை நடையில் ஓய்வுபெற்றவர்கள் நான்கு பேர் கூடினால் ஒருவராவது சொல்வார்: "தம்பி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு சார். நான் போய் அவன் வாசல்ல நிக்கணுமா?"

நிற்கணும் என்பதுதான் என் கட்சி. அதுவும் தம்பி கிராமத்தில் விவசாயம் பார்க்கிறவர் என்றால் கட்டாயம் நிற்கணும். (பாகப்பிரிவினைச் சண்டை உள்ளவர்கள் கதை வேறு. அதற்குள் நான் போகவில்லை.)

என் தம்பி மன்னார்குடிப் பக்கம் இருக்கிறான். அவனுக்கு 64, எனக்கு 71. இரண்டு கறவை மாடுகள். காலையும் மாலையும் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்ற வேண்டும். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவன் சென்னையில் ஓர் இரவு தங்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்ச வேண்டும். நான் கிளம்ப என்ன வேண்டும்? மாத்திரை டப்பாவும் இரண்டு வேட்டியும். பென்ஷன் நான் எங்கே இருந்தாலும் வங்கியில் விழுந்துவிடும்.

போன மாசியில் போனேன். சம்பா அறுவடை முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டியிருந்தான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். இவன் நெல் 19 காட்டியது. பகலில் கிளறிக் காயவைத்து, இரவில் தார்ப்பாய் மூடி, முறை வரும்வரை குவியலுக்குப் பக்கத்திலேயே காவல். நானும் கூடவே படுத்தேன். கொசு தூங்கவிடவில்லை. அப்போதுதான் அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றிச் சொன்னான். நான் அந்தச் சமயம் நாக்பூரில் வேலையில் இருந்தேன். அப்பா எதைக் கேட்டுச் சாப்பிட்டார், யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், ராத்திரி யார் தூக்கி உட்கார வைத்தது, எல்லாம் சொன்னான். "உன்னைத்தாண்ணே அதிகம் கேட்டாரு" என்றான். முப்பது வருஷம் போனில் பேசியிருக்கிறோம், எத்தனையோ கல்யாண மண்டபத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அங்கெல்லாம் இந்தப் பேச்சு வராது.

ரயிலில் 60 வயது ஆண்களுக்கு 40 சதவீதமும் 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவீதமும் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. அதைத் திரும்பக் கேட்கும்போது, காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போக மட்டும் கேட்கவில்லை, கூடப் பிறந்தவர்களைப் பார்க்கவும்தான் கேட்கிறோம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். எழும்பூரில் இரவு மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது மன்னார்குடி.

போனால் நாலு நாளாவது இருங்கள். ஒரே நாளில் திரும்பினால் நீங்கள் விருந்தாளி, தம்பி மனைவிக்குத்தான் கூடுதல் சமையல். பொங்கல் கூட்டத்தில் போகாமல் வேலை நாளில் போங்கள். "நிலத்தை வித்துட்டுச் சென்னைக்கு வந்துடு" என்ற உபதேசத்தை மட்டும் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஐந்தாம் நாள் எடை போட்டார்கள். 40 கிலோ மூட்டையில் 86 மூட்டை. எண்ணியது நான்தான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் அவனுக்குக் குறுவை வேலை ஆரம்பித்துவிடும், அசைய முடியாது. ஆடியில் போக டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.