புல்வெளிக் கச்சேரிக்கு யாருடைய தயவு வேண்டும்?

2018 நவம்பர் 17 மாலை. தில்லி சாணக்கியபுரியில் உள்ள நேரு பூங்காவில் ஒலித்திருக்க வேண்டிய கர்நாடக இசை, அங்கே ஒலிக்கவில்லை. நகரின் தெற்கே சைதுல் அஜைப் பகுதியில் உள்ள வேறொரு பூங்காவில் ஒலித்தது. பாடகர் அதே டி.எம். கிருஷ்ணாதான். நாளும் அதே நாள்தான். மாறியது இடமும், அழைத்தவர்களும் மட்டுமே. அந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதை இப்போது நினைவுபடுத்திக்கொள்வது பயனுள்ளது. ஏனெனில், அன்று எழுந்த கேள்விக்குத் தலைநகரம் இன்றுவரை விடை சொல்லவில்லை.

நடந்தது இதுதான். ஸ்பிக் மெக்கே அமைப்பும், மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் இணைந்து நேரு பூங்காவில் இரண்டு நாள் இசை, நடன விழாவை அறிவித்திருந்தன. அனுமதி இலவசம். பாடுவோர் பட்டியலில் கிருஷ்ணாவின் பெயரைக் கண்டதும் சமூக ஊடகங்களில் எதிர்ப்பு கிளம்பியது. அல்லா மீதும் ஏசு மீதும் கர்நாடக இசையில் பாடல்கள் பாடுவேன் என்று அவர் அறிவித்திருந்ததும், ஆட்சியாளர்களை அவர் வெளிப்படையாக விமர்சித்து வந்ததும் எதிர்த்தவர்களின் கோபத்துக்குக் காரணங்கள். விழாவுக்குச் சில நாள்களே இருந்த நிலையில், பணி நெருக்கடியைக் காரணம் காட்டி ஆணையம் விலகிக்கொண்டது. விழா தள்ளிவைக்கப்பட்டது.

உடனே தில்லியை ஆண்ட ஆம் ஆத்மி அரசு கிருஷ்ணாவை அழைத்து, 'கார்டன் ஆஃப் ஃபைவ் சென்சஸ்' பூங்காவில் மேடை அமைத்துத் தந்தது. மக்கள் திரளாக வந்தனர். கருத்துச் சுதந்திரம் வென்றது என்று பலர் மகிழ்ந்தனர்.

உண்மையில் வென்றது என்ன? மத்தியில் ஒரு கட்சி, மாநிலத்தில் அதற்கு எதிர்க்கட்சி என்ற அரசியல் சூழல் அன்று தில்லியில் இருந்தது. ஒரு கதவு மூடப்பட்டபோது இன்னொரு கதவு திறந்ததற்கு அதுவே காரணம். இரு கதவுகளின் சாவியும் ஒரே கையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மகசேசே விருது பெற்ற, நாடறிந்த ஒரு பாடகருக்கு மாற்று மேடை கிடைத்தது. பெயர் தெரியாத ஒரு நாட்டுப்புறக் கலைஞருக்குக் கிடைத்திருக்குமா? அதே விழாவில் ஆடவும் பாடவும் இருந்த மற்றக் கலைஞர்களைப் பற்றியும், நேரு பூங்காவுக்கு வரவிருந்த ரசிகர்களைப் பற்றியும் அன்று பேசியவர்கள் குறைவு. மறுத்ததும் அரசியல், மீட்டதும் அரசியல். குடிமகனின் உரிமை என்று எதுவும் அங்கே நிலைநாட்டப்படவில்லை.

இது தில்லிக்கு மட்டும் உரிய நோயன்று. பாகிஸ்தானைச் சேர்ந்த கஜல் பாடகர் குலாம் அலி, 2015 ஏப்ரலில் வாராணசி சங்கட மோசன் கோயில் இசை விழாவில் பாடினார். அதே ஆண்டு அக்டோபரில் சிவசேனையின் எதிர்ப்பால் அவரது மும்பை நிகழ்ச்சி கைவிடப்பட்டது. 2016 ஜனவரியில் மேற்கு வங்க அரசின் அழைப்பில் கொல்கத்தாவில் பாடினார். ஒரு பாடகரின் குரல் எந்த ஊரில் கேட்கும் என்பதை அந்த ஊரை ஆளும் கட்சியே தீர்மானிக்கும் நிலை இது.

தமிழகத்துக்கும் இந்த அனுபவம் உண்டு. பூங்காக்களிலும் தெருமுனைகளிலும் நாட்டுப்புறக் கலைகளை இலவசமாகக் கொண்டுவந்த சென்னை சங்கமம், 2007 ஜனவரியில் திமுக ஆட்சியில் தொடங்கியது. 2011 ஆட்சி மாற்றத்துடன் நின்றுபோனது. 2023 ஜனவரியில், மீண்டும் திமுக ஆட்சியில், உயிர் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் பறையும் கரகமும் பகைமை எதுவும் பாராட்டவில்லை. அவற்றை மேடையேற்றிய கை எது என்பதே கணக்கில் கொள்ளப்பட்டது.

இலவசத் திறந்தவெளிக் கச்சேரி என்பது மேல்நாட்டிலிருந்து வந்த நாகரிகம் என்று கருதுவோர் உண்டு. அது தவறு. பஞ்சாபின் ஜலந்தரில் ஹரிவல்லப் இசை விழா 1875 முதல் நடந்து வருகிறது. அங்கே நுழைவுச் சீட்டு கிடையாது. குவாலியரில் தான்சேன் விழாவும், காவிரிக் கரையில் திருவையாறு தியாகராஜ ஆராதனையும் அப்படியே. கேட்க வருபவனிடம் காசு கேட்காத மரபு இந்த மண்ணில் வேரூன்றியது. சீட்டு வாங்கி அரங்கில் அமர்ந்து கேட்கும் வழக்கமே பிற்காலத்தது.

ஆனால் தில்லி போன்ற பெருநகரத்தில் அந்த மரபைக் காக்கக் கோயிலும் இல்லை, ஆற்றங்கரையும் இல்லை. பொது இடங்களே இருக்கின்றன. மண்டி ஹவுஸ் வட்டாரத்து அரங்குகளுக்குள் நுழைய அழைப்பிதழோ சீட்டோ இல்லாதபோதும் ஒரு தயக்கம் சாமானியனைத் தடுக்கிறது. புல்வெளியில் அந்தத் தயக்கம் இல்லை. விரிப்பைப் போட்டுக் குடும்பத்துடன் அமரலாம். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போகலாம். 1977இல் தில்லி ஐஐடி பேராசிரியர் கிரண் சேத் தொடங்கிய ஸ்பிக் மெக்கே இயக்கம் பூங்காக் கச்சேரிகளை விரும்பியதன் பொருள் இதுவே. (அரசு விழாக்களில் முன்வரிசையில் போடப்படும் சோபாக்கள் இந்தச் சமத்துவத்தைக் கெடுப்பது வேறு கதை.)

தலைநகரின் நடுமுற்றம் என்றால் கனாட் பிளேஸ்தான். 1929 தொடங்கி 1933 வரை கட்டப்பட்ட அந்த வெள்ளைத் தூண் வளாகத்தின் நடுவே இருப்பது சென்ட்ரல் பார்க். அடியில் ராஜீவ் சவுக் மெட்ரோ நிலையம். துவாரகையிலிருந்தும் நொய்டாவிலிருந்தும் ஒருவர் காரின்றி வந்து இசை கேட்டுத் திரும்ப இதைவிட ஏற்ற இடம் நகரில் இல்லை. ஆயினும் அந்த முற்றத்தின் வரலாறு, பொதுமக்கள் எவ்வளவு எளிதாக வெளியே தள்ளப்படுவார்கள் என்பதன் வரலாறாகவும் இருக்கிறது. எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் மணிக்கணக்கில் விவாதித்த காபி ஹவுஸ் நெருக்கடி நிலைக் காலத்தில் இடிக்கப்பட்டது. பிறகு மெட்ரோ பணிக்காகப் பூங்கா தோண்டப்பட்டுப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. திறந்த பின் 2008 செப்டம்பர் 13 தொடர் குண்டுவெடிப்பில் அதுவும் ஓர் இலக்காயிற்று. 2014 மார்ச்சில் 207 அடி உயரக் கம்பத்தில் தேசியக் கொடி ஏற்றப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில், ஞாயிறு காலைகளில் வாகனங்களை நிறுத்திவிட்டு மக்கள் ஆடிப்பாடும் 'ராஹ்கிரி' உள்வட்டச் சாலையில் தொடங்கியது. அதுவும் அங்கே நிலைக்கவில்லை.

நேரு பூங்காவும் சென்ட்ரல் பார்க்கும் புதுதில்லி மாநகராட்சி மன்றத்தின் பொறுப்பில் உள்ளவை. இங்கேதான் நாடாளுமன்றத்தின் கடமை தொடங்குகிறது. இந்த மன்றம் 1994ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் அமைந்தது. வார்டு உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் சென்னை, மும்பை மாநகராட்சிகளைப் போன்றதன்று. அதன் தலைவரை நியமிப்பது மத்திய அரசு. தொகுதி எம்பியும் எம்எல்ஏக்களும் உறுப்பினர்களாக இடம்பெறுவதே அதில் உள்ள மக்கள் பிரதிநிதித்துவம். எனவே, இந்தப் பூங்காக்களில் யார் பாடலாம், யார் பாடக் கூடாது என்று ஓர் அதிகாரி முடிவெடுத்தால், அதற்கு விளக்கம் கேட்க வேண்டிய அவை நாடாளுமன்றமே. நாடாளுமன்றக் கட்டடமும் அந்த மன்றத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது.

சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. அகமதாபாதில் பொதுக்கூட்டம் நடத்த அனுமதி மறுக்கப்பட்ட ஹிமத்லால் ஷா வழக்கில், 1972இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவான தீர்ப்பு தந்தது. பொது இடத்தில் கூடுவதை ஒழுங்குபடுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு; ஆனால் அளவுகோல் எதுவுமின்றி அனுமதி மறுக்கும் அதிகாரத்தை அதிகாரிக்குத் தரும் விதி செல்லாது என்பதே அதன் சாரம். ஜந்தர் மந்தரில் போராட்டங்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 அக்டோபரில் விதித்த தடையை, 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நீக்கி, நெறிமுறைகள் வகுக்கச் சொன்னது. அதே ஜந்தர் மந்தரில் தமிழக விவசாயிகள் 2017இல் நடத்திய போராட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முழக்கமிடுவதற்குத் தலைநகரில் ஓர் இடமும் ஒரு நெறிமுறையும் உண்டு. பாடுவதற்கு?

எதிர்ப்பு எழுந்தால் என்ன செய்வது என்பதற்கும் விடை இருக்கிறது. அது ஒரு தமிழ்த் திரைப்படத்தின் வழியாகக் கிடைத்த விடை. இடஒதுக்கீட்டை விமர்சித்ததால் எதிர்ப்புக்குள்ளான 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்ப வழங்கியது. ஆர்ப்பாட்டம், வன்முறை மிரட்டல் என்று காரணம் சொல்லிக் கருத்துரிமையை அடக்க முடியாது, அந்த உரிமையைக் காப்பது அரசின் கடமை என்றது. அந்தப் படத்தின் கருத்தை ஏற்காதவர்களும் ஏற்றுக்கொள்ள வேண்டிய தீர்ப்பு அது. பிடித்த கருத்துக்கு மட்டும் பாதுகாப்பு என்றால் அது உரிமையன்று, சலுகை.

மறுதரப்பு வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வரிப் பணத்தில் விழா நடத்தும் நிறுவனம், யாரை அழைப்பது என்று தேர்ந்தெடுக்கக் கூடாதா? கூடும். எல்லாக் கலைஞரையும் எல்லா விழாவுக்கும் அழைக்க முடியாது. ஆனால் அழைப்பதற்கு முன் தேர்ந்தெடுப்பது வேறு; அழைத்து, அறிவித்து, வசைகள் குவிந்ததும் பின்வாங்குவது வேறு. முன்னது நிர்வாகம், பின்னது பணிந்துபோதல். அதேபோல, புல்வெளி பாழாகும், போக்குவரத்து நெரியும், குடியிருப்போர் தூக்கம் கெடும் என்ற கவலைகளும் நியாயமானவையே. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. தில்லியின் மே, ஜூன் வெயிலும், நவம்பர் முதல் ஜனவரி வரையிலான நச்சுக் காற்றும் கச்சேரிக் காலத்தை இயல்பாகவே சுருக்கிவிடுகின்றன. எஞ்சிய மாலைகள் சிலவே. அவற்றையாவது ஒழுங்காகப் பங்கிட முடியாதா?

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. திறந்தவெளி மேடைகள் எந்த நாளில் எவருக்கு ஒதுக்கப்பட்டுள்ளன என்ற பட்டியலை மன்றம் முன்கூட்டியே வெளியிட வேண்டும். முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலிடம் என்பது விதியாக வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும். ஒருமுறை தந்த அனுமதியை, யாரோ எதிர்க்கிறார்கள் என்பதற்காகத் திரும்பப் பெறக் கூடாது. பாதுகாப்புத் தருவது காவல்துறையின் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, புரவலர் விலகினாலும் மேடை விலகக் கூடாது. ஒரு மேடை, மின்சாரம், குடிநீர், கழிப்பறை ஆகிய நான்கையும் மன்றமே தந்தால், எளிய கலைஞரும் எந்த நிறுவனத்தின் தயவையும் நாட வேண்டியிருக்காது.

2018இல் கிருஷ்ணாவுக்கு மேடை தந்த கட்சி, 2025 பிப்ரவரித் தேர்தலில் தில்லி ஆட்சியை இழந்தது. இன்று மத்தியிலும் மாநிலத்திலும் ஆள்வது பாஜக. நாளை இது மாறலாம். மறுநாள் மீண்டும் மாறலாம். ஆட்சிகள் மாறும்போதெல்லாம் பாட்டும் இடம் மாற வேண்டும் என்றால், பூங்காவுக்குப் 'பொது' என்ற பெயர் பொருந்தாது. இன்று எதிர்ப்பவர்களுக்கு வேண்டியவரின் குரலும் நாளை இதே புல்வெளியில் தடுக்கப்படலாம். அந்த நாளில் அவர்களுக்கும் துணை நிற்கப்போவது விதி மட்டுமே. அடுத்த கூட்டத்தொடரில் எந்தக் கட்சியின் உறுப்பினராவது இதை ஒரு கேள்வியாக எழுப்பினால், அதுவே நல்ல தொடக்கம்.