கூரை ஒழுகுகிறது: செலவு யார் தலையில்?

கோத்தா கோலா மூடா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 2004 டிசம்பர் 26 சுனாமிதான். மூடா ஆறு கடலில் கலக்கும் அந்த முகத்துவாரத்தை அன்று அலை புரட்டிப் போட்டது. ஆனால் அங்கும், உள்ளே தீக்காம் பத்து, சுங்கை பட்டாணி, பீடோங் வரையிலும் வீடுகளுக்கு ஆண்டு தவறாமல் வரும் தொல்லை காற்றும் மழையும்தான். 2019 ஆகஸ்டு 9-ஆம் தேதி வெகு தொலைவில் சீனாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த லெக்கிமா சூறாவளியின் தாக்கத்தால் வீசிய காற்றே பினாங்கு, கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் கூரைகளைப் பெயர்த்தது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரிலும் மாலை நேரத்துப் புயல்மழை இன்னும் சகஜம்.

காற்று அடித்த மறுநாள் காலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது, தெரிந்த ஒரு குத்தகையாளரைக் கூப்பிட்டு 'ஒழுகும் இடத்தில் எதையாவது பூசிவிட்டுப் போங்கள்' என்பது. அடுத்த மழையில் அதே இடம், அல்லது இரண்டடி தள்ளி, மறுபடியும் சொட்டும். சீலிங்கில் கறை விழுந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது குறைவு. நீர் சட்டங்களின் மேல் ஓடி, தாழ்ந்த இடம் கிடைத்ததும் சொட்டுகிறது. மழை பெய்யும்போதே டார்ச் விளக்கோடு சீலிங்கின் மேல் பக்கத்தைப் பார்த்தால்தான் நீர் நுழையும் இடம் தெரியும்.

அந்த இடம் பெரும்பாலும் ஓட்டின் நடுவில் இருப்பதில்லை, இணைப்புகளில் இருக்கும். தாமான் வீடுகளில் பின்பக்கச் சமையலறையை இழுத்துக் கட்டும்போது பழைய கூரையும் புதிய கூரையும் சேரும் இடம்தான் முதல் குற்றவாளி. கட்டியவர் சரிவைப் போதுமான அளவு வைத்திருக்கமாட்டார். தகர மூட்டுப்பட்டைக்குப் பதில் சிமெண்டைப் பூசியிருப்பார். வெயிலில் சிமெண்ட் வெடிக்கும். வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் இழுத்துக் கட்டிய கூரையின் நீர் நம் சுவரில் இறங்குவதும் உண்டு. அதற்கு வக்கீல் நோட்டீஸை விட இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரே குத்தகையாளரிடம் ஒரே மூட்டுப்பட்டையைப் போட்டுக்கொள்வது மலிவு. கடலோரத்தில் இன்னொரு கணக்கு: உப்புக்காற்றில் தகரக் கூரையின் ஆணிகள் துருப்பிடிக்கின்றன, அவற்றின் ரப்பர் வளையங்கள் வெயிலில் காய்ந்து விரிகின்றன. தகரம் நன்றாக இருக்கும், ஆணித்துளைதான் ஒழுகும். ஆணியை மட்டும் மாற்றினால் தீர்கிற வேலைக்குக் கூரையையே மாற்றச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

புதிய வீடு வாங்கியவர்கள் தங்கள் கையில் இருக்கும் பிடியை அறியாமலே பணம் செலவழிக்கிறார்கள். 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் செய்யப்படும் விற்பனை ஒப்பந்தத்தில், சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குக் கட்டடக் குறைகளுக்கு மேம்பாட்டாளரே பொறுப்பு. எழுத்துமூலம் தெரிவித்தால் 30 நாட்களுக்குள் அவர் சரிசெய்ய வேண்டும். வாய்ச்சொல்லும் வாட்ஸ்அப் படமும் போதாது. கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க வேண்டும். வீட்டு விலையில் 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் பிடித்து வைக்கப்படுகிறது. பாதி 8 மாதத்திலும் மீதி 24 மாதத்திலும்தான் மேம்பாட்டாளருக்குப் போகும். அவர் சரிசெய்ய மறுத்தால், ஒப்பந்தம் சொல்லும் முறைப்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டுப் பழுதுபார்த்து, அந்தத் தொகையிலிருந்து செலவைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. அதற்கும் ஒத்துவராவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 10 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். குறைகளுக்கான காலம் முடிந்து 12 மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

ஆனால் நம்மில் பலர் குடிபுகுமுன்பே பின்பக்கத்தை உடைத்துக் கட்டிவிடுகிறோம். பிறகு ஒழுகினால், 'நீங்கள் தொட்ட இடம்' என்று மேம்பாட்டாளர் கைகழுவ வழி திறந்துவிடுகிறது. ஒரு மழைக்காலமாவது கூரை எப்படித் தாங்குகிறது என்று பார்த்துவிட்டு உடைப்பது நல்லது.

காப்புறுதியில் குழப்பம் இன்னும் பெரிது. வங்கிக் கடனோடு எடுத்த எம்ஆர்டிஏ வீட்டுக்கான காப்புறுதி என்று நம்புவோர் இருக்கிறார்கள். அது கடன் வாங்கியவரின் மரணத்துக்கோ நிரந்தர முடக்கத்துக்கோ உரியது. கூரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடிப்படைத் தீ காப்புறுதி தீ, மின்னல், வெடிப்பு ஆகியவற்றோடு நின்றுவிடும். புயல்காற்றும் வெள்ளமும் அடங்குவது வீட்டு உரிமையாளர் காப்புறுதியில். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மழைநீர் உள்ளே வந்து பாழாக்கியதற்கு இழப்பீடு வேண்டுமென்றால், முதலில் காற்றின் நேரடி வேகத்தால் கூரையோ சுவரோ சேதமடைந்திருக்க வேண்டும். பல ஆண்டுகளாக மெல்ல ஒழுகிய கூரை 'தேய்மானம்'. அதற்குப் பணம் கிடைக்காது. ஆகவே ஒரே வீட்டில், ஒரே மழையில், பறந்துபோன மூன்று ஓடுகளுக்குப் பணம் வரலாம், பழைய விரிசலில் இறங்கிய நீருக்கு வராமல் போகலாம். இந்த வேறுபாட்டைக் காட்டப் படங்கள்தான் சாட்சி. கன்வாஸ் போட்டு மூடுமுன் உடைந்த ஓடுகளையும் உட்புறத்தையும் படமெடுத்து, உடைந்தவற்றைத் தூக்கி எறியாமல் வைத்து, காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். மேலும் சேதமாகாமல் தற்காலிகமாக மூடுவது உரிமையாளரின் கடமை. அந்தச் செலவின் ரசீதையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

காற்று பல வீடுகளைத் தாக்கியிருந்தால் கிராமத் தலைவரிடமும் மாவட்ட அலுவலகத்திலும் பதிவு செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. பேரிடர் நடவடிக்கை மாவட்டம், மாநிலம், மத்தி என்று மூன்று நிலையில் நடக்கிறது. பட்டியல் தொடங்குவது மாவட்டத்தில். அதில் பெயர் இல்லாதவருக்குப் பின்னால் வரும் உதவி எதுவும் எட்டுவது கடினம்.

அடுக்குமாடியில் மேல்மாடிக் கூரை பொதுச் சொத்து. பராமரிப்பு நிதியிலிருந்து நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை. மேல் வீட்டிலிருந்து கசிந்தால் புகார் கிடைத்த 7 நாட்களுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும் என்கின்றன 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள். பராமரிப்புக் கட்டணம் கட்டாத அடுக்குமாடிகளில் அந்த நிதியே இருப்பதில்லை என்பது வேறு கதை.

பணத்தை விட உயிர் முக்கியம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். விளக்கு மாட்டிய இடத்தில் நீர் சொட்டினால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும், வாளி வைப்பது பிறகு. ஈரக் கூரையில் ஏறக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் காலடியில் பொசுக்கென்று உடையும். அவற்றைக் காய்ந்த நிலையில் சுரண்டுவதும் துளையிடுவதும் நுரையீரலுக்குக் கேடான நார்த்தூளைக் கிளப்பும்.

குத்தகையாளரிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுத்துவிட்டுத் தேடுகிறவர்கள் ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் இருக்கிறார்கள். எந்த இணைப்பு, என்ன பொருள், எத்தனை மாத உத்தரவாதம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கினால், பின்னர் 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போக ஆதாரம் இருக்கும்.

இவை எல்லாம் வீடு சொந்தமாக உள்ளவருக்கு. தோட்ட வீடுகளில் இருப்போர் கதை வேறு. தொழிலாளர் தங்குமிடத்தைத் தகுந்த நிலையில் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம். செய்யாவிட்டால் ஆள்பல இலாகாவில் புகார் கொடுக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் பேசுவது வேலையில் இருப்பவரைப் பற்றி. ஓய்வு பெற்ற பிறகும் அதே லயத்தில் தங்கியிருக்கும் முதியவரின் தகரக் கூரை காற்றில் பெயர்ந்தால், வீடு அவருடையது இல்லை, அவர் இப்போது தொழிலாளியும் இல்லை. அவருக்கு மிஞ்சுவது மாவட்ட அலுவலகமும் சமூக நல இலாகாவும்தான். மனு எழுதத் தெரிந்த ஓர் இளைஞர் அந்த லயத்தில் இருந்தால் விண்ணப்பம் அன்றே போய்ச் சேரும்.