சயீதியர்: ஏளனத்தின் அரசியல்

கெய்ரோவுக்குத் தெற்கே அஸ்வான் வரை நீளும் நைல் பள்ளத்தாக்கின் மக்கள் சயீதியர் எனப்படுவர். தலைநகரின் நகைச்சுவைத் துணுக்குகளும் திரைப்படங்களும் அவர்களை மூடராக, பிடிவாதக்காரராக, பழிக்குப்பழி வாங்குவோராகவே சித்திரித்து வந்துள்ளன. இதனை வெறும் வேடிக்கையெனக் கொள்ளுதல் தகாது. சயீதித் தொழிலாளரும் உழைத்தெழுப்பி, 1970இல் நிறைவெய்திய அஸ்வான் உயரணையின் மின்சாரம் வடக்கின் ஆலைகளையும் இயக்கியது. அரபு உரைநடைக்குப் புதுவலுவூட்டிய தாஹா ஹுசைன் மின்யா மாகாணத்திற் பிறந்தவர். அப்பாஸ் அல் அக்காத் அஸ்வானிற் பிறந்தவர். இவர்களின் பெருமையைத் தேசத்துக்கும் வறுமையைச் சயீதுக்கும் எழுதும் கணக்கு எவ்வகை நீதி? எகிப்தின் மிக வறிய மாகாணங்கள் பெரும்பாலும் தெற்கிலேயே உள்ளன. ஒரு மக்களை அறிவிலிகளென நம்பவைத்தபின் அவர்களுக்குப் பாடசாலையையும் தொழிலையும் மறுப்பது எளிது. சயீதியரின் மானத்தையும் வீரத்தையும் பாடும் புகழுரைகளும் இக்குறையை ஈடுசெய்யா. அரச முதலீட்டில் தெற்குக்குரிய பங்கு கிடைக்கும்வரை, அந்த ஏளனம் சுரண்டலின் மொழியாகவே நிலைக்கும்.