பெட்ரோலா குற்றவாளி?

சென்ற மாதம் நம் மன்றக் கூட்டத்தில் பெட்ரோல் விலையைக் கண்டித்துத் தீர்மானம் வந்தபோது கைதட்டியவர்களுள் நானும் ஒருவன். தட்டியதோடு நில்லாமல் எழுந்து ஐந்து நிமிடம் முழங்கியும் விட்டேன். 2021 மே 29 அன்று மும்பையில் பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டிற்று என்றேன். இந்தியப் பெருநகரங்களுள் முதலில் தாண்டியது நம் நகரமே என்றேன். 2020 மார்ச்சிலும் மே மாதத்திலும், உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் சரிந்து கிடந்த வேளையில், மத்திய அரசு கலால் வரியை லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்திய கதையையும் சொன்னேன். அந்த 13 ரூபாயும் 2021 நவம்பரில் ஐந்தும் 2022 மேயில் எட்டுமாகக் குறைக்கப்பட்டதை மட்டும் சொல்லவில்லை. மேடையேறியவனுக்கு அவ்வளவு உரிமைகூட இல்லையா?

கூட்டம் முடிந்து தாராவி திரும்பினேன். தொண்ணூறடிச் சாலையோரத்தில் எங்கள் வீட்டுக் கார் நின்றிருந்தது. எங்கள் சந்துக்குள் அது நுழையாது. சந்தின் அகலம் இரண்டு பேர் ஒதுங்கி நடக்கும் அளவு. காரோ பெரிய உருவம். ஆகவே இரவெல்லாம் தெருவில் கிடக்கிறது. அண்ணனுக்கு வேலை ஐரோலியில். அங்கே வண்டி நிறுத்த இடமில்லையாம். சயானில் ரெயிலேறித் தானாவில் மாறிப் போகிறார். அப்படியானால் இந்தக் கார் யாருக்காக?

2023 தீபாவளிக்கு முன் வாங்கினோம். செம்பூர் செட்டாநகர் முருகன் கோயிலில் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையுடன் நெல்லைச் சீமைக்கே ஓட்டிச் சென்றோம். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். ஊரார் வந்து கதவைத் தொட்டுப் பார்த்தார்கள். "பம்பாய்க்காரன் மவன் நல்லாத்தான் இருக்கான்" என்றார் ஒரு பெரியப்பா. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வாங்கினோம் என்று இன்று நினைக்கிறேன். பழியை அண்ணன் மேல் மட்டும் போட்டுவிடுவது நேர்மையாகாது. சிறிய கார் போதுமென்று அவர் முதலில் சொன்னார். "வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரிதாகவே வாங்குவோம்" என்று தூண்டியவன் நான். நிறத்தைத் தேர்ந்தவனும் நானே.

அன்றிரவு தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டேன். மாதம் 300 கிலோமீட்டர் ஓடுகிறது; மும்பை நெரிசலில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. ஆக, 25 லிட்டர். 2024 ஜூலையில் இங்கிருந்த விலை லிட்டருக்கு 103 ரூபாய் 44 காசு. அந்த விலையில் மாதம் 2,586 ரூபாய். சரி, கடன்? பத்து லட்சம், ஒன்பதரை வட்டி, ஏழாண்டு. மாதத் தவணை 16,344 ரூபாய். 84 தவணையும் கட்டி முடித்தால் வட்டி மட்டும் மூன்றே முக்கால் லட்சத்தை நெருங்குகிறது. காப்பீடு, பழுது, தெருவில் நிறுத்தியதற்கான அபராதம் எல்லாம் தனி.

நாளைக்கே பெட்ரோல் பத்து ரூபாய் ஏறினால் எங்கள் வீட்டுக்குக் கூடுதல் செலவு 250 ரூபாய். அந்த 250க்காகக் கூட்டம் போட்டு முழங்கும் நான், 16,344 ரூபாயைப் பற்றி வாய் திறந்ததில்லை. விலையை ஏற்றியவன் எங்கோ டெல்லியில் இருக்கிறான், ஏசுவது எளிது. கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவரோ என் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்.

முன்பணத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. தவணையில் குறை விழும் மாதங்களில் அப்பா ஈடுகட்டுகிறார். விடியுமுன் இட்லிப் பாத்திரத்தை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு முப்பதாண்டாகத் தெருத்தெருவாகச் செல்பவர் அவர். மகன் காரின் தவணைக்குத் தந்தை மிதிவண்டி மிதிக்கிறார்! எம்.எஸ்ஸி. முடித்ததும் ஆராய்ச்சிக்கெல்லாம் போக வேண்டா, வேலைக்குப் போ என்று வீட்டில் மெல்லப் பேச்சு எழுந்திருக்கிறது. அதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

இஃது எங்கள் வீட்டு நோய் மட்டுமன்று. 2009இல் டாட்டா நானோ இதே மும்பையில் அறிமுகமாயிற்று. லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே பேசிற்று. மழையில் ஸ்கூட்டரில் நனையும் குடும்பத்துக்கென எண்ணிய வண்டி அது. சுமார் பத்தாண்டில் அதன் கதை முடிந்துவிட்டது. சில வண்டிகள் தீப்பிடித்தது, தொழிற்சாலை சிங்கூரிலிருந்து சனந்துக்கு இடம் மாறியது என வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மிக மலிவான கார் என்று விளம்பரம் செய்ததே தவறாகிவிட்டது என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் சொன்னார். மலிவு என்ற பெயர் ஒட்டிய வண்டியில் ஏற நமக்கு வெட்கம்! 2023-24 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற ஏறத்தாழ 42 லட்சம் பயணிகள் வண்டிகளில் 25 லட்சம், எஸ்.யூ.வி. முதலான பெரிய உருவங்களே. எழுபது கிலோ மனிதனை நகர்த்த ஆயிரத்திருநூறு கிலோ இரும்பு வேண்டுமாம். இதை இயற்பியல் தேர்வில் விடையாக எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

கார் வைத்திருப்போர் எல்லாரும் ஊதாரிகள் என்று நான் சொல்லவில்லை. மாட்டுங்காவில் என் நண்பன் வீட்டில் நடக்கமுடியாத பாட்டியார் இருக்கிறார். அவர்களுக்கு மாருதி 800 இருபதாண்டு உழைத்தது. வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவனுக்கு எரிபொருள் விலையேற்றம் வயிற்றிலடி. அவன் கூச்சல் நியாயமானது. அவன் கூச்சலை நாம் இரவல் வாங்கிக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 2025 மே மாதம் பெஸ்ட் பேருந்தின் குறைந்த கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாயிற்று. ஒரே நாளில் இரட்டிப்பு. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18ஆகக் குறைந்தது. முன்னதற்கு நம் மன்றம் ஒரு தீர்மானமும் போடவில்லை. பின்னதற்கு விடுதியில் இனிப்பு வழங்கினார்கள், நானும் உண்டேன். நாம் அன்றாடம் ஏறுவதோ பேருந்து.

காரை விற்றுவிடலாம் என்று அண்ணனிடம் சென்ற ஞாயிறன்று சொன்னேன். விற்ற பணம் கடன் பாக்கிக்குச் சற்றுக் குறையலாம். குறைவதை நானும் மாதந்தோறும் கட்டுகிறேன் என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "ஊருல கேட்டா என்னடா சொல்ல?" என்றார் கடைசியில். அதற்கு என்னிடமும் விடையில்லை. அப்பா மட்டும், "நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அடுத்த கூட்டத்தில் நம் தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன். பெட்ரோல் வரி இருக்கட்டும்; அதற்கு முன்னே பேருந்துக் கட்டணம் வரட்டும். எதிர்க்க நினைப்பவர்கள் தவறாமல் வந்து எதிர்க்க வேண்டுகிறேன். காரில் வருகிறவர்கள் மட்டும் சற்று முன்னதாகப் புறப்படுங்கள். மாலையில் சயானில் நெரிசல் இருக்கும்.