கிளைம் மறுத்துட்டாங்களா? ஓம்புட்ஸ்மேன் இருக்கார், உங்களுக்காகப் பேச ஆள்தான் இல்லை!



சம்பாதிக்கிறவர் திடீர்னு இறந்துட்டார். பாலிசி இருக்கு. ஆனா கம்பெனி லெட்டர் அனுப்புது: "சர்க்கரை நோயை மறைச்சிருக்கார், கிளைம் கிடையாது." பல குடும்பங்கள் இதோட விட்டுடறாங்க. நீங்க விடாதீங்க.

இதுக்குன்னே அரசு விதிகளின்படி இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கார். சென்னையிலயும் அலுவலகம் இருக்கு. முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் கொடுங்க. மறுத்துட்டாலோ, ஒரு மாசத்துல பதில் வரலைன்னாலோ, ஒரு வருஷத்துக்குள்ள இவர்கிட்ட போகலாம். 50 லட்சம் ரூபாய் வரைக்கும் விசாரிப்பார். கட்டணம் கிடையாது. அவர் தர்ற உத்தரவை கம்பெனி ஏத்துக்கிட்டே ஆகணும். உங்களுக்குத் திருப்தி இல்லைன்னா நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்துது. இங்கே வக்கீல் வைக்க முடியாது. செலவு வைக்கக்கூடாதுன்னு நல்ல எண்ணத்துல போட்ட விதிதான். நடைமுறையில என்ன ஆகுது? கம்பெனி பக்கம் கிளைம் விவகாரத்தையே தொழிலா பார்க்கிற அதிகாரி உட்கார்றார். இந்தப் பக்கம், கணவரை இழந்த ஒரு பெண், கையில ஒரு ஃபைலோட. ஓம்புட்ஸ்மேன் நடுவர். அவர் யாருக்காகவும் வாதாட முடியாது, வாதாடவும் கூடாது.

உதாரணத்துக்கு, காப்பீட்டுச் சட்டம் 45-வது பிரிவு. ஆயுள் காப்பீட்டுல பாலிசி தொடங்கி 3 வருஷம் ஆயிட்டா, தகவலை மறைச்சார்னு சொல்லி கம்பெனி கேள்வி எழுப்ப முடியாது. இந்த ஒரு வரி தெரியாமலே எத்தனை பேர் மனு எழுதுவாங்க? காலாவதியாகி புதுப்பிச்ச பாலிசின்னா, அந்தத் தேதியிலிருந்து கணக்குன்னு யார் சொல்லித் தருவாங்க?

அதனால என் கருத்து இதுதான்: ஒவ்வொரு ஓம்புட்ஸ்மேன் அலுவலகத்துலயும் குடும்பங்களுக்கு இலவச உதவியாளர் ஒருத்தர் வேணும். வாதாட வேண்டாம். பேப்பரைப் படிச்சு, மனுவைத் தமிழ்ல எழுத உதவினாலே போதும். குடும்பத்துக்காகப் பேச ஆள் இல்லாத இடத்துல, இலவசம்ங்கிறது பாதி நியாயம்தான்.

அது வர்ற வரைக்கும் நீங்க செய்ய வேண்டியது: ப்ரொபோசல் ஃபார்ம் காப்பி, மெடிக்கல் ரிப்போர்ட், ப்ரீமியம் ரசீது எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு, அது எங்கே இருக்குன்னு நாமினிகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க. நாளைக்கு அங்கே பேசப் போறது அவங்கதான்.